என் முதுகைப் பார்த்து ஓடிய ஏட்டு

மிராசுதாரின் பிளஷர் கார் வாய்க்காலில் இறங்கியதே, அந்த வருஷத்துக் கதை இது. வருஷத்துக்கு நம்பர் சொல்ல எனக்குத் தெரியாது. கட்சி இரண்டாக உடைந்து, ஒரே வீட்டில் அண்ணன் ஒரு கொடியும் தம்பி ஒரு கொடியும் பிடித்துக்கொண்டு திரிந்த சமயம். மூன்று ரோடு கூடுகிற எங்கள் ஊர் முக்கூட்டில் ஏற்கெனவே அண்ணன் கட்சிக் கம்பம் நின்றது. தம்பி கட்சிக்காரர்கள் அதற்குப் பக்கத்தில் ஒன்று நட்டார்கள். அவர்கள் நட்டுவிட்டார்களே என்று எங்கள் விவசாயத் தொழிலாளர் சங்கம் செங்கொடிக்கு ஒன்று நட்டது. மூன்று கம்பம் நின்றபின் கார் திரும்ப ஏது இடம்? டிரைவர் ஒடித்துத் திருப்பினார். கார் பதறாமல் மெதுவாகச் சரிந்து, குளிக்க இறங்கின மாதிரி முழங்கால் தண்ணீரில் போய் உட்கார்ந்துகொண்டது. மிராசுதார் உள்ளேயே இருந்தார்.

எங்கள் ஆட்கள் அப்போது வேலைநிறுத்தம். காரை இழுப்பது வேலையில் சேருமா சேராதா என்று கரையில் நின்றே பேசினார்கள். சங்கத் தலைவர் என் சித்தப்பாதான். அவர் யோசித்து, "உள்ள மனுஷன் இருக்கான். அதனால இது வேலை இல்ல, உபகாரம். காலி காரா இருந்தா தொடக் கூடாது" என்று தீர்ப்புச் சொன்னார். அப்புறம்தான் எருமைகளைக் கட்டி இழுத்தோம்.

அந்தக் கார் பின்னாலும் வரும். அதற்காகத்தான் முதலில் சொல்லிவைத்தேன். நீங்கள் மாயவரத்துக்குக் கல்யாணத்துக்குப் போகிறேன் என்றதும் எனக்கு எங்கள் ஏட்டு ஞாபகம் வந்துவிட்டார். அவர் பேரைக் கேட்கிற தைரியம் முதலில் எங்களில் யாருக்கும் வரவில்லை. தைரியம் வந்தபோது ஏட்டு என்பதே பேராகிப் போயிருந்தது.

வண்டி நிறைய வைக்கோல் ஏற்றிக் கயிறு போட்டு இறுக்கினால் கயிற்றுக்கு மேலும் கீழும் பிதுங்குமே, பெல்ட் போட்ட ஏட்டு அப்படி இருப்பார். அறுப்புக் கூலி நெல்லைக் கொஞ்சம் கூட்டி அளக்கச் சொல்லி நாங்கள் கேட்டதற்கு, வெளியூர் ஆள் வைத்து அறுப்பேன் என்று மிராசுதார் சொல்லிவிட்டார். அந்தத் தகராறுக்குத்தான் போலீஸ் வந்தது. எல்லாப் போலீசும் மூங்கில் பாலத்தில் ஏறி வந்தார்கள். ஏட்டு பாலத்தைப் பார்த்தார். பாலமும் அவரைப் பார்த்தது. பூட்சைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு தண்ணீரிலேயே இறங்கி நடந்து வந்தார். கரையேறியதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "ஏம்ப்பா, இங்க டீ எங்க கிடைக்கும்?"

கூலி ஒருவழியாகப் பேசி முடிந்தது. மற்றப் போலீஸ் போய்விட்டது. மறுபடியும் தகராறு வரக்கூடும் என்று ஏட்டை மட்டும் மிராசுதாரின் களத்து மேட்டில் இருந்த பழைய நெல் கிட்டங்கியில் விட்டுவிட்டுப் போனார்கள்.

அவரிடம் ஒரு குறை உண்டு. குறை என்று சொல்வதா, என்னவோ. யார் எதைக் கொடுத்தாலும் அவருக்கு வேண்டாம் என்று சொல்ல வராது. நாக்கு அந்தப் பக்கம் புரளவே புரளாது.

எங்கள் கீழத்தெருவில் வாசலில் ஆள் வந்து நின்றால், "சாப்புடுறீங்களா" என்று கேட்போம். கேட்கிறவர் போடுவதற்காகக் கேட்பதில்லை. நிற்கிறவரும் "இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு வந்த காரியத்தைப் பேசுவார். ஒருநாள் ஏட்டு ரோந்து வந்தவர் எங்கள் வாசலில் நின்றார். காக்கிச்சட்டை, அதுவும் மேல்ஜாதிக்காரர். எங்கள் தெருவில் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார் என்ற தைரியத்தில் அம்மா, "பழையது இருக்கு, சாப்புடுறீங்களா" என்று கேட்டுவிட்டாள்.

"நீங்க இவ்வளவு சொல்றீங்க…" என்றார் ஏட்டு.

அம்மா ஒரு தடவைதான் சொன்னாள். அவர் தொப்பியைக் கழற்றி முறத்தில் வைத்துவிட்டு மண் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். பழைய சோறு, சுட்ட கருவாடு, ஒரு பச்சை மிளகாய். அது என்னுடைய பங்கு. நான் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். சட்டியை வழித்துக் குடித்துவிட்டு, "அம்மா, கருவாடு எந்தக் கடற்கரை?" என்று கேட்டார். போலீஸ் எங்கள் தெருவில் வந்து கேட்ட எத்தனையோ கேள்விகளில் பதில் சொல்லச் சந்தோஷமாக இருந்த கேள்வி அது ஒன்றுதான்.

அதற்குப் பிறகு தெருவில் அவர் சாப்பிடாத வீடு இல்லை. சங்கதி மிராசுதார் காதுக்குப் போயிற்று.

"என்ன ஏட்டு, கீழத்தெருவுல எல்லாம் சாப்புடுறீங்களாமே?"

"ஆமாங்கய்யா. நேத்து நத்தைக் குழம்பு. ஐயா சாப்புட்டதில்லையா?"

மிராசுதார் அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

மாசி பிறந்தது. ஆற்றில் தண்ணீரை நிறுத்திவிட்டார்கள். வாய்க்கால் காய்ந்து மணல் தெரிய ஆரம்பித்தது. வயலில் உளுந்து தலை நீட்டியிருந்தது. நான் வாய்க்கால் கரையில் ஓடிக்கொண்டிருந்தேன். எனக்கு அப்போது அதுதான் வேலை. எந்த ஊரில் கூட்டம், எங்கே பேச்சுவார்த்தை என்று சங்கத்துச் சேதியை ஊர் ஊராகக் கொண்டுபோவேன். சைக்கிள் கிடையாது, கால்தான். அன்றைக்குத் திரும்பிப் பார்த்தால் பின்னால் ஏட்டு ஓடி வருகிறார்!

போலீஸ் ஓடி வந்தால் நாம் என்ன செய்வோம்? நானும் வேகத்தைக் கூட்டினேன்.

"டேய், நில்லுடா!"

இன்னும் கூட்டினேன்.

"பிடிக்க வரலடா! உங்கிட்ட ஒரு உதவி… டேய்… அம்மாடி…"

சத்தம் நின்றுவிட்டது. திரும்பிப் பார்த்தால் கரையில் ஆளைக் காணோம். வாய்க்கால் மணலில் மல்லாந்து கிடந்தார். வயிறு மட்டும் ஏறி ஏறி இறங்கியது. நான் பக்கத்தில் போய்த் துண்டால் விசிறினேன். மூச்சு திரும்பியதும் விஷயத்தைச் சொன்னார்.

தஞ்சாவூரில் புதிதாக வந்த பெரிய அதிகாரிக்குத் தொப்பை கண்ணில் பட்டால் ஆகாதாம். பெல்ட் கடைசி ஓட்டையில் நிற்காத போலீஸ் அத்தனை பேரும் பங்குனிக் கடைசியில் பேரளத்திலிருந்து நன்னிலம் வரை ஓட வேண்டும். அங்கே திடலில் எல்லைக்கயிறு கட்டி, நேரமானதும் அவிழ்த்துவிடுவார்கள். கயிற்றை அவிழ்ப்பதற்குள் வந்து சேராதவனுக்கும், வந்தபின் பெல்ட் கடைசி ஓட்டையில் நிற்காதவனுக்கும் வடக்கே எங்கோ மலையடிவாரத்தில் போலீஸ் பட்டாளத்துக்கு மாற்றல். அங்கே லீவு என்ற பேச்சே கிடையாது.

"போனா போங்களேன் ஏட்டய்யா. போலீசுக்கு எல்லா ஊரும் ஒண்ணுதானே?"

அவர் எழுந்து உட்கார்ந்து மணலைத் தட்டினார். "எம் பொஞ்சாதி மாயவரத்துல அவங்கம்மா வீட்டுல படுத்திருக்கா தம்பி. கல்யாணம் ஆகி எத்தனையோ வருஷம் கழிச்சு இப்பத்தான் உண்டாயிருக்கா. அசையக் கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. வாரா வாரம் ரயிலேறிப் போய் ஒரு தடவை மூஞ்சியக் காட்டிட்டு வர்றேன். ரொம்பப் பயந்தவ. நான் வடக்க போயிட்டேன்னா ஒத்தையில பெத்துக்கணும்."

ஓடக் கற்றுக்கொடுக்கிறேன் என்று கையைக் கொடுத்துத் தூக்கிவிட்டேன்.

சித்தப்பாவுக்குச் சேதி தெரிந்ததும் குதித்தார். "போலீசுக்கு ஓடக் கத்துக் குடுக்கப் போறியா? நல்லாருக்குடா! ஓடக் கத்துக்கிட்டு நாளைக்கு யாரைத் தொரத்துவான்? மிராசுதாரையா? நம்மளத்தான் தொரத்துவான்!"

தெருவில் பாதிப்பேர் அவர் பக்கம் தலையாட்டினார்கள். புளியமரத்தடியில்தான் கூட்டம். பொம்பளைகள் பக்கமிருந்து அம்மா எழுந்தாள்.

"ஏன் கொழுந்தனாரே, அந்த மனுசன் வந்ததுலேர்ந்து இந்தத் தெருவுல ஒருத்தன் முதுகுலயாவது தடி பட்டிருக்கா? சட்டிதான் காலியாச்சு. அவன் போயிட்டா அடுத்து வர்றவன் கருவாடு கேப்பானா, காலை ஒடிப்பானான்னு உங்களுக்குத் தெரியுமா?"

சித்தப்பா தலையைச் சொறிந்தார். அன்றைக்குச் சங்கத்தில் கை தூக்கி ஒரு தீர்மானம் போட்டோம். ஏட்டு இளைக்கிற வரைக்கும் கீழத்தெருவில் யாரும் அவருக்குச் சோறு போடுவதில்லை. தினம் ஒரு செம்பு கேழ்வரகுக் கூழும் மோரும் எங்கள் வீட்டிலிருந்து மட்டும் போகும். அதோடு அவித்த கொள்ளு ஒரு கை. இதற்கு முன் சங்கத்தில் எந்தத் தீர்மானத்துக்கும் பொம்பளைகள் இரண்டு கையையும் தூக்கியதை நான் பார்த்ததில்லை.

அதிலிருந்து அவர் தெருவுக்குள் வந்தால் உலைமூடிகளெல்லாம் டக் டக்கென்று விழும். அவர் மூக்கை மட்டும் கொஞ்சம் தூக்கி, "மூணாவது வீட்டுல கெண்டை," என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுவார்.

கிழக்கு வெளுக்கும்போது ஓட ஆரம்பிப்போம். முதலில் வாய்க்கால் மணலில், அப்புறம் கரையில். அவரைத் தனியாக ஓடவிட்டால் டீக்கடை தாண்ட மாட்டார். கடைக்காரர் கை அசைத்தாலே அவர் கால் நின்றுவிடும். அதனால் நான் முன்னே ஓடுவேன். அவர் என் முதுகையே பார்த்துக்கொண்டு வருவார். "உன் முதுகு போற இடத்துக்கு என் வயிறு வரும்டா தம்பி" என்பார். மூச்சு வாங்குகிற நேரத்தில்கூட வாய் ஓயாது. கரையோரத்தில் உளுந்துக்குக் காவல் இருப்பவர்களிடம், "என்னங்க, சாப்பிட்டாச்சா? என்ன குழம்பு?" என்று விசாரித்துக்கொண்டே வருவார். பதிலைக் கேட்காமல் நான் இழுத்துக்கொண்டு போவேன். அதுவே அவருக்குப் பெரிய தண்டனை.

இப்படி ஓடியும் ஆள் இளைக்கவில்லை. பெல்ட் ஓர் ஓட்டைகூட உள்ளே போகவில்லை. கூழைக் குடித்துக்கொண்டு இப்படி ஓடினால் எருமைகூட எலும்பும் தோலுமாகியிருக்கும். அம்மாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஒருநாள் காலை செம்பை நீட்டும்போது ஏட்டு ஏப்பம் விட்டார். அம்மா முகத்தைச் சுளித்தாள்.

"கூழு குடிக்கிற வாயில நெய் வாசம் எங்கேருந்து வருது ஏட்டய்யா?"

ஏட்டு தலையைக் குனிந்துகொண்டார்.

நடந்தது இதுதான். மிராசுதார் வீட்டு மெத்தை மாடியிலிருந்து பார்த்தால் வாய்க்கால் கரை முழுக்கத் தெரியும். தினம் காலையில் காப்பி குடித்துக்கொண்டே அவர் பார்க்கிறார். சங்கத்துப் பையன் தலைதெறிக்க ஓடுகிறான், பின்னால் போலீஸ் துரத்துகிறது. இன்றைக்கும் துரத்துகிறது, நாளைக்கும் துரத்துகிறது. அவருக்கு மனசு நிறைந்து போயிற்று. 'இப்படி ஒரு கடமைக்காரரை நான் கண்டதில்லை' என்று தினம் காலையில் ஒரு அடுக்குக் கேரியர் அனுப்ப ஆரம்பித்துவிட்டார். ஒரு தட்டில் நெய் வழிகிற பொங்கல், ஒரு தட்டில் வடை, ஒரு தட்டில் கேசரி.

"வேணாம்னு சொல்ல வேண்டியதுதானே!" என்றேன்.

"வாய் வரலியே தம்பி. கொண்டு வர்ற ஆளு அவ்வளவு தூரம் வெயில்ல வர்றான். அவங்க இவ்வளவு சொல்றாங்க…"

"அவங்க ஒண்ணுமே சொல்லல ஏட்டய்யா. கேரியர வச்சுட்டுப் போயிட்டாங்க."

"அதான். வாயத் தொறந்து சொல்லாமயே இவ்வளவு பண்றாங்களே."

சித்தப்பாதான் இதற்கும் வழி கண்டுபிடித்தார். கேரியர் வரட்டும், ஏட்டு வாங்கட்டும், கிட்டங்கிப் பின்புறச் சந்து வழியாக அது எங்களிடம் வந்துவிட வேண்டும். எங்களிடம் என்றால், நானும் சங்கத்தில் இன்னும் சில பேரும். மிராசுதாரின் நெய்ப் பொங்கலை அவரைக் கண்டித்துப் போஸ்டர் ஒட்டுகிறவர்களே தின்றோம். "போராடாம கிடைச்ச ஒரே கூலி உயர்வு இதுதான்டா" என்று சித்தப்பா விரலைச் சூப்பினார்.

ஏட்டு இளைக்க ஆரம்பித்தார். பெல்ட் ஓர் ஓட்டை உள்ளே போயிற்று, இன்னோர் ஓட்டை போயிற்று. கழுத்து என்று ஒன்று அவருக்கு இருப்பதே அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. ஆனால் இன்னொன்றும் நடந்தது. எனக்குத் தொப்பை விழ ஆரம்பித்தது. பொங்கல் என்னை விடவில்லை. முன்னே ஓடுகிற என் கால் கனத்துப் போயிற்று. பின்னால் வருகிறவர் காலடி நாளுக்கு நாள் கிட்டே கேட்டது. மெத்தையில் மிராசுதார் நாற்காலி நுனிக்கே வந்துவிட்டாராம். "இன்னும் கொஞ்ச நாள்தான், பிடிச்சிருவாரு" என்று வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினாராம். ஒருநாள் ஏட்டு எட்டி என் தோளைத் தொட்டே விட்டார். எங்களுக்கு அது சிரிப்பு. மெத்தையிலிருந்து கைதட்டுகிற சத்தம் கரை வரைக்கும் கேட்டது.

அன்றைக்கே மிராசுதார் ஏட்டைக் கூப்பிட்டு அனுப்பினார்.

அவர் களத்து வைக்கோல் போர் ஒன்று சில நாளைக்கு முன்னால் எரிந்து போயிருந்தது. போருக்கடியில் உட்கார்ந்து பீடி குடித்தது அவருடைய டிரைவர் என்பது ஊருக்கே தெரியும். ஆனால் அவருக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது.

"ஏட்டு, பயலத் தொட்டுட்டீங்க. அப்படியே பிடிச்சு வைக்கோல் போர் கேஸ்ல உள்ள வைங்க. ஓட்டப் பந்தயத்தைப் பத்திக் கேள்விப்பட்டேன். நீங்க ஓடவே வேணாம். பெரிய ஐயாகிட்ட நான் ஒரு வார்த்தை சொன்னா போதும், இங்கயே இருக்கலாம். வீட்டுல பிரசவம்னு சொன்னாங்க. யோசிச்சுப் பாருங்க."

ஏட்டுக்கு வேண்டாம் என்று சொல்ல வராது என்பது உங்களுக்குத் தெரியும். சரி என்றும் சொல்லவில்லையாம். "பாக்கலாங்கய்யா" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டார். அன்றைக்குச் சாயங்காலம் எங்கள் வாசலில் வந்து உட்கார்ந்து நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். அம்மா கூழ்ச் செம்பை நீட்டினாள். முதல் தடவையாக அவர் அதைக் குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"நீங்க என்ன செய்வீங்க ஏட்டய்யா?" என்று கேட்டேன்.

"தெரியல தம்பி. என் நாக்கைப் பத்திதான் உனக்குத் தெரியுமே."

அம்மா எழுந்தாள். அடுப்புப் பக்கம் போய்விட்டாள். சித்தப்பா மட்டும் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "பந்தயம் முடியுற வரைக்கும் வேதாரண்யத்துப் பக்கம் எங்கயாவது போயிடுடா" என்றார். நான் போகவில்லை. நான் போனால் அவர் யார் முதுகைப் பார்த்து ஓடுவார்?

பங்குனி உத்திரம் கழிந்த வெயில். பேரளத்திலிருந்து நன்னிலம் ரோட்டில் அடிக்கொரு தண்ணீர்ப் பந்தல். அண்ணன் கட்சிப் பந்தல் ஒன்று, அதற்கு எதிரிலேயே தம்பி கட்சிப் பந்தல், கொஞ்ச தூரத்தில் கோயில் பந்தல். நீர்மோர், பானகம், வெள்ளரிப் பிஞ்சு. ஒரு பந்தலில் குடித்துவிட்டு எதிர்ப் பந்தலில் குடிக்காமல் போனால் போலீஸ்காரர் எந்தக் கட்சி என்று பேச்சு வந்துவிடும். அதனால் சாதாரண நாளிலேயே ஏட்டு இரண்டிலும் குடிப்பார். இன்றைக்கு நின்று குடித்துக்கொண்டிருந்தால் கயிறு அவிழ்ந்துவிடும். அதனால் எங்கள் தெருச்சனம் முன்னாடியே ரோட்டில் பரவி நின்றது. பந்தலுக்கு ஒருவர். டம்ளர் நீளுகிற இடத்திலெல்லாம் எங்கள் ஆள் குறுக்கே பாய்ந்து வாங்கிக் குடித்துவிடுவார். சித்தப்பா ஒருவரே இரண்டு கட்சி மோரையும் குடித்துவிட்டு, "ரெண்டுலயும் உப்பு இல்ல" என்றார்.

விசில் ஊதியதும் தொப்பைக்காரப் போலீஸ் ஒரு மந்தையாகக் கிளம்பியது. எல்லோருக்கும் முன்னால் நான். ஏட்டு என் முதுகைப் பார்த்துக்கொண்டே வந்தார். பூந்தோட்டம் கடைத்தெருவில் பார்த்தவர்களுக்கு என்ன தெரியும்? ஒருத்தன் தலைதெறிக்க ஓடுகிறான், பின்னால் இத்தனை போலீஸ் வருகிறது! கொலைகாரனாகத்தான் இருப்பான் என்று ஒரு பெரியவர் குடையை என் காலுக்குக் குறுக்கே விட்டார். தாண்டினேன். "பிடிங்க பிடிங்க" என்று இன்னும் இரண்டு பேர் சைக்கிளில் சேர்ந்துகொண்டார்கள். பின்னாலிருந்து ஏட்டு, "விடுங்கய்யா, அவன் நம்மாளு!" என்று மூச்சு வாங்கிக்கொண்டே கத்திக்கொண்டு வந்தார்.

பாதிப்பேர் பந்தல்களில் உட்கார்ந்துவிட்டார்கள். அதே ரோட்டில் இருக்கிற எங்கள் ஊர் முக்கூட்டுக்கு வந்தபோது ரோட்டில் எங்கள் இரண்டு பேர் காலடிதான் கேட்டது. மூன்று கொடிக்கம்பத்தடியில் ரோட்டுக்குக் குறுக்காக அந்தப் பிளஷர் கார் நின்றுகொண்டிருந்தது. கதவு திறந்திருந்தது. மிராசுதார் வெள்ளை வேட்டியில் நின்றார். கையில் சீவி வைத்த இளநீர்.

நான் நின்றுவிட்டேன். ஏட்டும் நின்றார்.

"வாங்க ஏட்டு, போதும்," என்றார் மிராசுதார். "முகமெல்லாம் எப்படிச் சிவந்து போச்சு! இதக் குடிச்சுட்டு ஏறுங்க. திடலுக்கு முன்னாடி முக்குல இறக்கி விட்டுடறேன், யாருக்குத் தெரியப்போகுது? பயலும் நிக்கிறான். அப்படியே பின்சீட்டுல ஏத்திக்கலாம்."

கரையோரத்தில் அம்மா நின்றாள். எங்கள் தெரு நின்றது. வெயிலில் ஏட்டின் பனியன் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. அவர் இளநீரைப் பார்த்தார். அதன் வாயில் பளபளவென்று ஒரு விரல்கடை தண்ணீர் ஆடியது. அவர் வலது கை எழுந்தது. எனக்குத் தெரியும் அந்தக் கை. எத்தனை வாசலில் அது நீண்டதைப் பார்த்திருக்கிறேன். கை பாதி தூரம் போயிற்று.

அப்புறம் திரும்பி வந்து அரைக்கால் சட்டை பெல்ட்டைப் பிடித்துக்கொண்டது.

"வேணாங்கய்யா."

மிராசுதாருக்கு விளங்கவில்லை. "என்ன சொன்னீங்க?"

"எளநி வேணாங்கய்யா." முதல் வார்த்தை வந்துவிட்டதால் மற்றது தானாக வந்தது. "காரும் வேணாம். பெரிய ஐயாகிட்ட நீங்க ஒண்ணும் சொல்லவும் வேணாம். இவனப் பிடிக்கவும் வேணாம். வைக்கோல் போர் எரிஞ்ச அன்னைக்கு டிரைவர் எங்க உக்காந்திருந்தாருன்னு நான் விசாரிச்சு எழுதிட்டேன்." கடைசியில் என் முதுகில் ஒன்று வைத்தார். "என்னடா வேடிக்கை பாத்துட்டு நிக்கிற? ஓடுடா! கயித்த அவுத்துரப் போறாங்க!"

அன்றைக்கு ஓடின ஓட்டம் நான் சங்கத்துக்காகக்கூட ஓடியதில்லை. கார் பின்னால் கொஞ்சநேரம் ஹாரன் அடித்தது. அப்புறம் சத்தத்தைக் காணோம். எப்படிக் காணாமல் போயிற்று என்று பிறகுதான் தெரிந்தது. ஆத்திரத்தில் டிரைவர் ஒடித்துத் திருப்பியிருக்கிறார், மறுபடியும் அதே வாய்க்கால். இந்தத் தடவை தண்ணீர் இல்லை, மணல்தான். சித்தப்பா எட்டிப் பார்த்து, "ஐயா, இறங்கி நடந்து போகலாமில்ல? அப்ப இது உபகாரம் இல்ல, வேலை. கூலி பேசிக்கலாம்" என்று சொல்லிவிட்டாராம்.

நன்னிலம் திடலில் கயிற்றை ஒரு முனையில் அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். இன்னொரு முனை அவிழ்வதற்குள் ஏட்டு வயிற்றாலேயே அதைத் தொட்டுவிட்டார். அதிகாரி வந்து பெல்ட்டை இழுத்துப் பார்த்தார். கடைசி ஓட்டை. கம்பி உள்ளே போயிற்று. அதற்கப்புறம் என்னைப் பார்த்தார்.

"முன்னாடி ஓடி வந்தானே, யார் இவன்? அக்யூஸ்டா?"

"இல்லீங்கய்யா," என்றார் ஏட்டு. "வாத்தியார்."

பள்ளிக்கூட வாசலை மிதிக்காத என்னை வாத்தியார் என்று சொன்னது அவர் ஒருவர்தான். யாரோ அவரிடம் தண்ணீர்ச் செம்பை நீட்டினார்கள். "வேண்டாம்" என்றார். சோடா நீட்டினார்கள். "வேண்டாம்." புதுச் சொல் கற்றுக்கொண்ட குழந்தை மாதிரி அன்றைக்கு முழுக்க அதையே சொல்லிக்கொண்டிருந்தார். சாயங்காலம் எங்கள் வீட்டில் அம்மா கெண்டை மீன் குழம்பு வைத்து இலை போட்டபோதுதான் அந்தச் சொல்லை விட்டார்.

"சாப்புடுறீங்களா ஏட்டய்யா?"

"நீங்க இவ்வளவு சொல்றீங்க…"

குறுவை நடவுக்குள் தொப்பை பழையபடி வந்து சேர்ந்துவிட்டது. என்னுடையதும் போகவில்லை, பார்க்கிறீர்களே. வைக்கோல் போர் கேஸ் டிரைவர் பீடியோடு அணைந்து போயிற்று. மாயவரத்தில் பெண் குழந்தை பிறந்தது. பிரசவ நேரத்தில் ஏட்டு பக்கத்தில் இருந்தார். குழந்தைக்குத் தலை நின்றதும் தூக்கிக்கொண்டு வந்து எங்கள் தெருவில் வீடு வீடாகக் காட்டினார். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு வாய் சாப்பிட்டார். அப்புறம் வழக்கமான மாற்றல் ஒன்று வந்து எங்கோ போய்விட்டார். அதன்பின் நான் அவரைப் பார்க்கவில்லை. இப்போது இருக்க மாட்டார்.

நீங்கள் மாயவரம் போகிறீர்கள். கல்யாணப் பந்தியில் கொஞ்சம் உடம்பான ஒரு அம்மா இருக்கலாம். பரிமாறுகிறவர் கரண்டியைக் காட்டினாலே, "நீங்க இவ்வளவு சொல்றீங்க" என்று இலையை நகர்த்துகிறவர். அப்பா போலீஸ் ஏட்டா என்று கேளுங்கள். ஆமாம் என்றால், அவர் பிறப்பதற்கு முன்னால் அவருடைய அப்பா எங்கள் முக்கூட்டில் ஒரு இளநீரை வேண்டாம் என்று சொன்னார் என்று சொல்லிவிடுங்கள். ஏட்டு அதை வீட்டில் சொல்லியிருக்க மாட்டார். சொன்னாலும் அந்தச் சொல் அவர் வாயிலிருந்து வந்தது என்று வீட்டில் நம்பியிருக்க மாட்டார்கள். அந்த அம்மா உங்களைத் தன் வீட்டுக்குக் கூப்பிட்டு எதையாவது எடுத்து நீட்டினால், நீங்கள் மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள்.